இணையதளத்தை டைரக்டரிகளில் சேர்க்க எவ்வளவு காலம் ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தளத்தை உருவாக்கி, டைரக்டரிகளில், அதாவது இணையதளங்களைப் பிரிவு பிரிவாக அடுக்கிய பட்டியல்களில், பதிவும் செய்துவிட்டு, "இன்னும் வரவில்லையே" என்று காத்திருப்பவர்களுக்காக இந்தப் பதில்கள். தன்னார்வலர்கள் தொகுக்கும் டைரக்டரி ஒன்றில் சில பிரிவுகளைக் கவனித்துக்கொண்டவன் நான். விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் பக்கமும் இருந்திருக்கிறேன். தாமதத்துக்கான காரணங்களில் பெரும்பகுதி அனுப்புகிறவர் கையிலேயே இருக்கிறது என்பது இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தெளிவான விஷயம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பதிவு செய்த எத்தனை நாளில் என் தளம் பட்டியலில் வரும்?

எந்த டைரக்டரி என்பதைப் பொறுத்தது. விண்ணப்பத்தை மென்பொருளே ஏற்றுக்கொள்ளும் இடங்களில் சில நிமிடங்களிலோ மறுநாளோ வந்துவிடும். கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசீலிக்கிறவர்கள் பெரும்பாலும் சில வேலை நாட்களில் முடிவைச் சொல்லிவிடுவார்கள். வரைபடத்தோடு இணைந்த தொழில் பட்டியல்களில், நிறுவனம் உங்களுடையதுதானா என்று சரிபார்த்து முடிக்கச் சில நாட்கள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை ஆகலாம். ஆசிரியர்கள், அதாவது பிரிவுகளைத் தொகுக்கும் எடிட்டர்கள், ஒவ்வொரு தளமாகத் திறந்து படித்துச் சேர்க்கிற தன்னார்வ டைரக்டரிகளில் கெடு என்பதே கிடையாது. இரண்டு வாரத்திலும் வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம், வராமலும் போகலாம்.

எவ்வளவு எளிதாகச் சேர்த்துக்கொள்கிறார்களோ, அந்த இடத்துக்கு அவ்வளவு மதிப்புக் குறைவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தன்னார்வ டைரக்டரிகளில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

அங்கே உட்கார்ந்திருப்பது மனிதர், அதுவும் சம்பளம் வாங்காத மனிதர். அலுவலகம் முடிந்து, வீட்டு வேலை முடிந்து, மிச்சமிருக்கும் நேரத்தில்தான் அவர் தன் பிரிவைத் திறக்கிறார்.

திறந்தால் அவர் கண்ணில் படுவது என்ன என்று சொல்கிறேன். நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். முதல் விண்ணப்பத்தில் தளத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விளம்பர வாசகம் இருக்கும். இரண்டாவது நல்ல தளம்தான், ஆனால் கிட்டார் வகுப்பு நடத்துகிறவர் இசைக்கருவி விற்பனைப் பிரிவில் கொண்டுவந்து கொடுத்திருப்பார். மூன்றாவதைச் சொடுக்கினால் "விரைவில் வருகிறோம்" என்ற ஒற்றை வரி. நான்காவதும் ஐந்தாவதும் ஒரே தளம், இரண்டு முகவரிகளில். ஆறாவதாக ஒன்று வரும்: பெயர் பெயராக இருக்கும், விளக்கம் இரண்டே வரி, தளத்தைத் திறந்தால் விளக்கத்தில் சொன்னது அப்படியே உள்ளே இருக்கும். அதை அவர் ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடுவார். முன்னால் நிற்கும் ஐந்தையும் திருத்தவோ, வேறு பிரிவுக்கு மாற்றவோ, நீக்கவோ ஆகும் நேரம்தான் எல்லோருடைய காத்திருப்பையும் நீட்டுகிறது.

இது டோக்கன் எண் பார்த்துக் கூப்பிடும் வரிசையும் அல்ல. சில ஆசிரியர்கள் பழைய விண்ணப்பத்திலிருந்து தொடங்குவார்கள். சிலர் தெளிவாகத் தெரிவதை முதலில் முடிப்பார்கள். இன்னும் சிலர் நிலுவைப் பட்டியலையே பார்க்காமல், தாங்களாகத் தேடிக் கண்டுபிடித்த தளங்களைச் சேர்ப்பார்கள். பிரிவை நிறைவாக வைத்திருப்பதுதான் தங்கள் பொறுப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள், அதில் தவறும் இல்லை.

பல பிரிவுகளுக்கு ஆசிரியரே கிடையாது என்பது இன்னொரு காரணம். அப்படிப்பட்ட பிரிவுக்கு வரும் விண்ணப்பத்தை, அதற்கு மேல் மட்டத்தில் உள்ள பெரிய பிரிவின் ஆசிரியர் என்றாவது ஒருநாள் எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

டிமோஸ், யாகூ டைரக்டரி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவற்றில் இப்போதும் சேர்க்க முடியுமா?

முடியாது. இரண்டும் மூடப்பட்டுவிட்டன. பழைய வழிகாட்டிக் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள் இன்னும் அடிபடுவதால் கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன்.

ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 1994-இல் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பிரிவு பிரிவாக அடுக்கத் தொடங்கியதுதான் பிறகு யாகூ ஆனது. தேடுபொறிகள் இன்றைய திறனை எட்டாத அந்தக் காலத்தில், இணையத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க அந்தப் பட்டியல் ஒரு முக்கிய வழி. யாகூ டைரக்டரி 2014 டிசம்பரில் மூடப்பட்டது.

டிமோஸ் 1998-இல் பிறந்தது. முதலில் குனூஹூ, பிறகு நியூஹூ என்ற பெயர்களில் இருந்து, அதே ஆண்டில் நெட்ஸ்கேப் கைக்குப் போய், ஓபன் டைரக்டரி ப்ராஜெக்ட் என்று பெயர் பெற்றது. முழுக்க முழுக்கத் தன்னார்வ ஆசிரியர்களின் உழைப்பு. 2017 மார்ச்சில் மூடப்படும் தறுவாயில் அதில் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளும் இருந்தன. அத்தனை ஆண்டுகளில் அதில் பங்கெடுத்த ஆசிரியர்கள் 90 ஆயிரத்துக்கும் மேல். பிரிவுகளின் எண்ணிக்கையையும் ஆசிரியர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காத்திருப்பு ஏன் அவ்வளவு நீண்டது என்பது புரியும். 2006 அக்டோபரில் அதன் முக்கிய சர்வர் பழுதானபோது, ஏறத்தாழ இரண்டு மாதம் ஆசிரியர்கள் யாராலும் வேலை செய்ய முடியவில்லை.

டிமோஸ் மூடப்பட்ட பிறகு அதன் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, அந்தத் தொகுப்பை கர்லி என்ற பெயரில் தொடர்கிறார்கள். அங்கே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. எத்தனை நாளில் வரும் என்ற உறுதியும் இல்லை.

கூகுளில் வருவதும் டைரக்டரியில் வருவதும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம்தான் மிக அதிகம். டைரக்டரி என்பது பிரிவுகளாக அடுக்கிய பட்டியல், அதில் சேர்க்க யாராவது முடிவெடுக்க வேண்டும். கூகுள், பிங் போன்ற தேடுபொறிகள் தங்கள் நிரல்களை அனுப்பி, இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கங்களைத் தாங்களே கண்டெடுக்கின்றன. கூகுளும் 2000 முதல் 2011 வரை டிமோஸ் தரவைக் கொண்டு தனியாக ஒரு டைரக்டரி நடத்தியது. பழைய குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தேடுபொறியில் வர எவ்வளவு காலம் ஆகும்?

சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகலாம் என்பதுதான் கூகுள் தன் உதவிப் பக்கங்களில் தரும் கணக்கு. தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தின் உரிமையை உறுதிசெய்துவிட்டு, சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்கங்களின் பட்டியலை, கொடுத்து, முக்கியமான ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மட்டும் இன்டெக்ஸ் செய்ய (தேடல் தொகுப்பில் சேர்க்க) கோரிக்கை அனுப்புங்கள். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கோரிக்கை அனுப்புவதால் வேலை விரைவாக நடக்காது. பணம் கொடுத்தும் இதைத் துரிதப்படுத்த முடியாது. அப்படிச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிங்கும் யாண்டெக்ஸும் 2021-இல் இன்டெக்ஸ்நவ் என்ற முறையைக் கொண்டுவந்தன. பக்கம் மாறியவுடன் தளமே தேடுபொறிக்குத் தகவல் சொல்லிவிடும். கூகுள் அந்த முறையில் சேரவில்லை.

பல வாரம் கடந்தும் ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் முதலில் தளத்தைச் சோதியுங்கள். தளத்தைக் கட்டும்போது யாரும் பார்க்க வேண்டாம் என்று, தேடுபொறி நிரல்களுக்குக் கட்டளை சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை போட்டிருப்பார்கள், அல்லது தேடலில் சேர்க்காதே என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறியைப் பக்கங்களில் வைத்திருப்பார்கள். தளத்தைத் திறந்த நாளில் அதை எடுக்க மறந்திருப்பார்கள். அந்த ஒற்றை வரி இருக்கும்வரை எத்தனை டைரக்டரியில் பெயர் வந்தாலும் தேடல் முடிவில் நீங்கள் ஒழுங்காகத் தெரியப்போவதில்லை.

விண்ணப்பம் தாமதமில்லாமல் ஏற்கப்பட என்ன செய்ய வேண்டும்?

ஆசிரியரின் வேலையைக் குறையுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அவர் ஏற்க முடியுமானால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

பெயர்க் கட்டத்தில் தளத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். நிறுவனத்தின் தளம் என்றால் நிறுவனத்தின் பெயர். விளக்கக் கட்டத்தில் தளத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுதுங்கள், எவ்வளவு சிறந்தது என்பதை எழுதாதீர்கள். வயலின் பழுதுபார்க்கும் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"உங்கள் வயலினுக்கு நாங்களே நம்பர் ஒன்! மிகக் குறைந்த கட்டணம், மிகச் சிறந்த தரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள். வயலின் ரிப்பேர், வயலின் சர்வீஸ், வயலின் பழுது, இன்றே அழையுங்கள்!"

இதில் ஆசிரியர் வைத்துக்கொள்ளக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. அவரே தளத்தைப் படித்து, புதிதாக ஒரு விளக்கம் எழுத வேண்டும். நேரம் இருந்தால் எழுதுவார், இல்லையென்றால் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். அதே மனிதர் இப்படி எழுதியிருந்தால்:

"வயலின், வியோலா, செல்லோ பழுதுபார்ப்பும் வில் முடி மாற்றுதலும். வேலைகளின் படங்கள், கட்டண விவரம், கருவியை அனுப்பும் முறை."

ஆசிரியருக்கு இங்கே வேலையே இல்லை. தளத்தைத் திறந்து, படங்கள் இருக்கின்றனவா, கட்டணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துவிடலாம். தேடி வருகிற வாசகருக்கும் இரண்டாவது விளக்கம்தான் உதவும். செல்லோவோடு திண்டாடிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்தே உள்ளே வருவார்.

அடுத்தது தளம். ஆசிரியர் முதலில் பார்ப்பது, உள்ளே சொந்தச் சரக்கு இருக்கிறதா என்பதைத்தான். பிற தளங்களிலிருந்து எடுத்து ஒட்டிய கட்டுரைகள், வேறு கடையின் பொருளை விற்றுக் கமிஷன் வாங்கும் இணைப்புகள் மட்டுமே நிறைந்த பக்கங்கள், உள்ளே நுழைந்தவுடன் வேறு முகவரிக்குத் தள்ளிவிடும் தளங்கள் ஆகியவை அநேகமாக எல்லா நல்ல டைரக்டரியிலும் நிராகரிக்கப்படும். தொடர்புப் பக்கம் வேலை செய்கிறதா, இணைப்புகள் அறுந்திருக்கின்றனவா, யார் நடத்துகிறார்கள் என்று தெரிகிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

சரியான பிரிவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தாமதத்துக்கு நான் பார்த்த முதல் காரணம் தவறான பிரிவு. பெரிய பிரிவில் இருந்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்ற ஆசையில், "வணிகம்" அல்லது "கலை" என்ற தலைமைப் பிரிவிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே தனித் தளங்களைச் சேர்ப்பதே இல்லை. ஆசிரியர் அதை இரண்டு மூன்று படிகள் கீழே தள்ள வேண்டும். தள்ளப்பட்ட இடத்தில் இன்னோர் ஆசிரியர் அதை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு காத்திருப்பு இரண்டாகிவிடும்.

உங்களுடையதைப் போன்ற தளங்கள் மூன்றை எடுத்துக்கொண்டு, அவை அந்த டைரக்டரியில் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் அதுதான் உங்கள் பிரிவு. வேறு வேறு இடங்களில் இருந்தால், ஒவ்வொரு பிரிவின் மேலேயும் உள்ள குறிப்பைப் படியுங்கள். அந்தப் பிரிவில் என்ன சேரும், என்ன சேராது என்று ஆசிரியர்கள் அங்கே எழுதி வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் செலவழித்து அதைப் படிக்கிறவர்கள் குறைவு.

இன்னொன்று கவனியுங்கள். ஒரு தொழில் குறிப்பிட்ட பகுதியில் மட்டும் நடக்கிறது என்றால் பெரும்பாலும் அது அந்த வட்டாரப் பிரிவில்தான் சேரும், துறைப் பிரிவில் சேராது. எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால் துறைப் பிரிவு. நடத்துகிறவருக்குத் தன் தொழில் எல்லா இடத்துக்கும் உரியது என்றுதான் தோன்றும். ஆசிரியர் பார்ப்பது தளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும்.

ஒரே தளத்தைப் பல பிரிவுகளில் கொடுக்கலாமா?

டைரக்டரியின் விதியில் வெளிப்படையாக அனுமதி இருந்தால் மட்டும். இல்லையென்றால் மிகவும் பொருந்தும் ஓரிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே தளம் பத்துப் பிரிவுகளில் வந்து நிற்பதைப் பார்த்தால், அதைக் குப்பை என்று குறித்து மொத்தமாக நீக்கிவிட ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு.

புதிய தளம். எப்போது விண்ணப்பிக்கலாம்?

வேலை முடிந்த பிறகு. "கட்டுமானத்தில் உள்ளது" என்ற பலகை ஒரு பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. முன்னதாகவே வரிசையில் இடம் பிடித்து வைக்கலாம் என்று நினைத்து அரைகுறைத் தளத்தை அனுப்புகிறவர்கள் உண்டு. ஆசிரியர் நீங்கள் எதிர்பார்க்காத நாளில், அடுத்த நாளேகூட, திறந்து பார்க்கலாம். அன்று நிராகரித்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பல வாரம் ஆகிவிட்டது. மறுபடி அனுப்பலாமா?

வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சில டைரக்டரிகளில் இரண்டாவது விண்ணப்பம் முதல் விண்ணப்பத்தை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும், தேதியும் புதிதாகிவிடும். பழைய தேதிப்படி பார்க்கும் ஆசிரியரிடம் நீங்கள் கடைசிக்குப் போய்விடுவீர்கள். மற்ற டைரக்டரிகளில் இரட்டை விண்ணப்பமாக நின்று, ஆசிரியரின் வேலையைக் கூட்டும்.

மறுபடி அனுப்ப நியாயமான காரணங்கள் இரண்டுதான்: முதலில் கொடுத்த முகவரியிலோ பிரிவிலோ தவறு இருந்தது, அல்லது விதிமுறையில் சொன்ன காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது. விதிமுறையில் எதுவும் சொல்லவில்லை என்றால் குறைந்தது ஆறு மாதம் விடுங்கள்.

ஆசிரியருக்கு நேரடியாக எழுதிக் கேட்டால்?

ஒரு முறை, மரியாதையாக, சுருக்கமாக எழுதலாம். விண்ணப்பித்த தேதி, பிரிவு, தளத்தின் முகவரி மூன்றும் அதில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். டிமோஸில் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்பதற்கென்று பொது இடம் ஒன்று இருந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே நேரம் போனதால் 2005-இல் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர் பதில் எழுதும் ஒவ்வொரு நிமிடமும் ஏதோ ஒரு தளத்தைச் சேர்த்திருக்க வேண்டிய நிமிடம்.

சேர்த்துவிட்டார்களா, நிராகரித்துவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலான தன்னார்வ டைரக்டரிகள் எதையும் தெரிவிப்பதில்லை. டைரக்டரியின் தேடல் கட்டத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் விண்ணப்பித்த பிரிவை மட்டும் பார்த்து ஏமாந்துபோகாதீர்கள். வேறு பிரிவில், வேறு விளக்கத்தோடு சேர்த்திருப்பார்கள். தேடல் தரவு சில நேரம் தாமதமாகவே புதுப்பிக்கப்படும் என்பதால் பக்கத்து பிரிவுகளையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். தளத்தின் வருகைக் கணக்கில் அந்த டைரக்டரியிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்பதும் நல்ல அடையாளம்.

பணம் கொடுத்தால் விரைவாக நடக்குமா?

பரிசீலனை விரைவாக நடக்கும். இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒழுங்காக நடத்தப்படும் கட்டண டைரக்டரியில் நீங்கள் வாங்குவது ஆசிரியரின் நேரத்தை மட்டும்தான். யாகூ 1999-இல் 199 டாலர் வாங்கிக்கொண்டு ஏழு வேலை நாட்களுக்குள் தளத்தைப் பார்த்துவிடும் சேவையைத் தொடங்கியது. பிறகு அது ஆண்டுக்கு 299 டாலர் ஆனது. நிராகரித்தாலும் பணம் திரும்பாது. அதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் பார்க்கும் வேலை நடந்துவிட்டது.

பணம் கொடுத்த எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் டைரக்டரிதான் பிரச்சினை. அங்கே யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆகவே வாசகரும் அந்தப் பட்டியலை நம்ப மாட்டார். விலை கொடுத்து வாங்கிய இணைப்புகளில் அதற்குரிய குறியை, அதாவது தேடலில் மதிப்பாக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்ட் அல்லது நோஃபாலோ என்பதை, வைக்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. தேடலில் மேலே வரலாம் என்ற எண்ணத்தில் பணம் கட்டினால் அது வீண். அந்த டைரக்டரிக்கு உண்மையிலேயே உங்கள் துறையைச் சேர்ந்த வாசகர்கள் வருகிறார்கள் என்றால் கட்டுவது பற்றி யோசிக்கலாம்.

ஒரே நாளில் 500 டைரக்டரிகளில் சேர்த்துத் தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா?

வேண்டவே வேண்டாம். சேர்ப்பார்கள், அதில் பொய் இருக்காது. ஆனால் அந்த ஐந்நூறில் மனிதர்கள் படிக்கும் டைரக்டரி ஒன்றாவது இருக்குமா என்பதே சந்தேகம். மென்பொருள் ஒரே விளக்கத்தை எல்லா இடத்திலும் கொட்டிவிட்டுப் போகும். பிரிவு எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. கூகுள் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, இப்படிச் செயற்கையாகப் பெருக்கிய இணைப்புகளை நம்பியிருந்த ஏராளமான தளங்கள் தேடலில் சரிந்தன. தரமற்ற டைரக்டரி இணைப்புகள் இணைப்பு ஸ்பேம் வகையைச் சேர்ந்தவை என்று கூகுளின் கொள்கையில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

அதைவிட நீண்ட தொல்லை ஒன்று உண்டு. நாளை உங்கள் தொலைபேசி எண் மாறினால் அந்த ஐந்நூறு இடங்களிலும் பழைய எண் அப்படியே கிடக்கும். திருத்தக் கடவுச்சொல்லும் இருக்காது, கேட்க ஆளும் இருக்காது. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்கு விளம்பரக் குப்பை வந்துகொண்டே இருக்கும்.

பதிலுக்கு அவர்களுக்கும் இணைப்புத் தர வேண்டும் என்று கேட்கும் டைரக்டரிகள்?

ஒதுங்கிவிடுங்கள்.

வரைபடத்தில் வரும் தொழில் பட்டியல்களும் டைரக்டரிகள்தானா? அவற்றுக்கு எவ்வளவு காலம்?

ஆம். நேரில் வாடிக்கையாளர் வரும் தொழிலுக்கு இன்று மிகவும் பயன் தருபவை இவைதான். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், பிங் ப்ளேசஸ், ஆப்பிள் மேப்ஸின் தொழில் பட்டியல் ஆகியவற்றில் விவரங்களை நிரப்புவது அரைமணி நேர வேலை. தாமதம் ஆவது சரிபார்ப்பில். கூகுளில் தொலைபேசி, மின்னஞ்சல், வீடியோ, அஞ்சல் அட்டை என்று பல வழிகள் உண்டு. எந்த வழி என்பதைப் பெரும்பாலும் கூகுளே முடிவு செய்யும். வீடியோ போன்றவற்றை அனுப்பிய பின் பரிசீலிக்க ஐந்து வேலை நாட்கள் வரை ஆகலாம். சரிபார்ப்புக் குறியீடு அச்சிட்ட அஞ்சல் அட்டை என்றால் பெரும்பாலும் 14 நாட்களுக்குள் வந்து சேரும். அட்டை வரும்வரை பெயரையோ முகவரியையோ திருத்தாதீர்கள், திருத்தினால் அந்தக் குறியீடு செல்லாமல் போய்விடும்.

பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் தளத்திலும் எல்லாப் பட்டியல்களிலும் ஒன்றுபோல் இருக்கட்டும். பெயரோடு விளம்பரச் சொற்களைச் சேர்த்து எழுதினால் பட்டியலே முடக்கப்படும் ஆபத்து உண்டு.

பெரிய டைரக்டரிகள் மூடிவிட்ட பிறகு, இந்த வேலைக்கு இன்னும் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது. எல்லாவற்றையும் அடுக்கும் பொது டைரக்டரியின் காலம் முடிந்துவிட்டது. உங்கள் துறைக்கான தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், ஒரு நூலகம் தன் வாசகர்களுக்காகத் தொகுத்திருக்கும் இணைப்புகள், ஒரு கலையில் ஆர்வமுள்ளவர்கள் பொறுமையாகச் சேர்த்து வைத்திருக்கும் தளப் பட்டியல் ஆகியவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றிலிருந்து மாதத்துக்குப் பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பேரும் உங்களைத் தேடி வருகிறவர்களாக இருப்பார்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் காத்திருப்பும் குறைவு. நிலுவையில் ஆயிரம் விண்ணப்பம் கிடையாது, நடத்துகிறவருக்கு எழுதினால் சில நாட்களில் பதில் வரும். உங்கள் துறையில் நீங்களே அடிக்கடி திறந்து பார்க்கும் பட்டியல்கள் எவை என்று யோசித்து, அங்கிருந்து தொடங்குங்கள். நான்கைந்து இடங்கள் போதும்.

பட்டியலில் வந்த பிறகு தளத்தின் முகவரி மாறினால்?

பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 எனப்படும் நிரந்தரத் திசைமாற்றத்தை வைத்துவிட்டு, டைரக்டரியில் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். புதிய விண்ணப்பம் அனுப்பாதீர்கள். பழைய முகவரியைக் கைவிட்டு, வேறு யாராவது அதை வாங்கிவிட்டால் உங்கள் பெயரில் உள்ள இணைப்பு அவர்களிடம் போகும். திருத்தம் நடக்கும்வரையாவது பழைய முகவரியைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

விண்ணப்பித்தவுடன் எதையாவது குறித்து வைத்துக்கொள்ள வேண்டுமா?

டைரக்டரியின் பெயர், பிரிவு, தேதி, கொடுத்த மின்னஞ்சல், எழுதிய விளக்கம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து இவற்றில் ஒன்றுகூட நினைவில் இருக்காது.

ஓராண்டு ஆகியும் வரவில்லை. இனி என்ன செய்வது?

பிரிவின் பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சமீபத்திய தேதி என்றால் உங்கள் தளத்தைப் பார்த்து நிராகரித்திருக்க வாய்ப்பு அதிகம். விதிமுறையை மறுபடி படித்து, தளத்தில் எது தடையாக இருந்திருக்கும் என்று தேடிச் சரிசெய்துவிட்டுப் புதிதாக அனுப்பலாம். தேதி பல ஆண்டுகள் பழையது என்றால் அங்கே யாரும் இல்லை. ஒரு படி மேலே உள்ள பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள், இருந்தால் அவருக்கு எழுதுங்கள்.

யாருமே இல்லை, "ஆசிரியர் தேவை" என்ற அறிவிப்பு மட்டும் இருக்கிறது என்றால், அந்தப் பொறுப்புக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் துறையை அறிந்தவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். உங்களுக்குச் சொந்தமான தளங்கள் எவை என்பதை விண்ணப்பத்திலேயே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உங்கள் தளத்தை நீங்களே சேர்ப்பதில் தடை இருக்காது. ஆனால் போட்டியாளரின் தளத்தையும் அதே அளவுகோலில் பார்த்துச் சேர்க்க வேண்டும், அவருடைய விளக்கத்தை வேண்டுமென்றே மங்கலாக எழுதக் கூடாது. அப்படி நடப்பதை மூத்த ஆசிரியர்கள் கண்டால் அன்றே பொறுப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். நேர்மையாகச் செய்ய முடியும் என்றால், நிலுவைப் பட்டியலின் அடியில் காத்திருக்கும் பழைய விண்ணப்பங்களிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.